கணினி கேள்வி – பதில்: டிவிடி எழுதுவது ஏன் ஆமை வேகத்தில் நடக்கிறது?

பழைய மேசைக் கணினிகளில் குறுவட்டும் டிவிடியும் எழுதுவது பற்றி ஒரே சமயத்தில் பல கடிதங்கள் வந்து சேர்ந்திருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது. பின்னால் வரும் கேள்விகளுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினியைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். அதிலுள்ள 16 எக்ஸ் டிவிடி ரைட்டர் முன்பெல்லாம் ஒரு முழு டிவிடியை ஆறேழு நிமிடங்களில் எழுதி முடித்துவிடும். இப்போது அதே வேலைக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. எழுதும்போது மவுஸ் சுட்டிகூட விட்டுவிட்டு நகர்கிறது. பாட்டுப் போட்டால் விக்கி விக்கி ஒலிக்கிறது. ரைட்டர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் பழுது பார்ப்பவர். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரைட்டரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைவிட, மவுஸ் சுட்டியைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லேசர் மங்கிப்போன ரைட்டர் டிஸ்க்கைப் பாழாக்கும், அல்லது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஆனால் அதற்காக மவுஸ் தடுமாறவோ பாட்டு விக்கவோ காரணமில்லை. டிஸ்க் எழுதும் வேளையில் கணினி முழுவதுமே திணறுகிறது என்றால், கோளாறு ரைட்டருக்குள் இல்லை, ரைட்டருக்குத் தகவல் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். அந்த வேகத்தில் 4.7 ஜிகாபைட் கொண்ட ஒரு டிவிடியை நிரப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 16 எக்ஸ் என்றால் நொடிக்கு 22 மெகாபைட். உங்களுக்கு இப்போது ஆகும் அரை மணி நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 2.6 மெகாபைட் வருகிறது. அதாவது 2 எக்ஸைக்கூட எட்டவில்லை. 16 எக்ஸ் ரைட்டர் ஒன்று 2 எக்ஸுக்கும் கீழே இறங்கிவிட்டு, அப்படியும் டிஸ்க்கைச் சரியாகவே எழுதி முடிக்கிறது என்றால், அது ஓடத் தயாராகத்தான் இருக்கிறது. ஓடுவதற்கு வேண்டிய தீனி அதற்குக் கிடைக்கவில்லை.

பழைய கணினிகளில் வன்தட்டிலிருந்தும் ரைட்டரிலிருந்தும் பட்டையான ஐடிஇ கேபிள் வழியாகத் தகவல் போய்வர இரண்டு முறைகள் உண்டு. ஒன்று டிஎம்ஏ. இதில் தகவல் நேராக நினைவகத்துக்கும் சாதனத்துக்கும் இடையே நகரும். பிராசஸர் ‘இங்கிருந்து அங்கே கொண்டுபோ’ என்று உத்தரவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மற்றொன்று பிஐஓ. இது அதற்கும் முந்தைய முறை. இதில் ஒவ்வொரு சிறு துண்டுத் தகவலையும் பிராசஸரே கையால் எடுத்து வைப்பதுபோல நகர்த்தியாக வேண்டும். பிஐஓ முறையின் உச்ச வேகம் ஏட்டளவில் நொடிக்கு 16.7 மெகாபைட், அதன் கீழ்ப்படியில் 3.3 மெகாபைட், நடைமுறையில் அந்த உச்சத்தை நெருங்குவதே அரிது. டிஎம்ஏ வகையில் ரைட்டர்கள் பரவலாகப் பயன்படுத்திய அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 நொடிக்கு 33.3 மெகாபைட் வரை தாங்கும். 22 மெகாபைட் கேட்கும் 16 எக்ஸ் ரைட்டருக்கு எது போதும், எது போதாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. பிராசஸர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போது மவுஸைக் கவனிக்க அதற்கு நேரம் ஏது?

சரி, இதுவரை டிஎம்ஏ முறையில் நன்றாக ஓடிய கணினி திடீரென்று பிஐஓவுக்கு ஏன் மாறியது? விண்டோஸ் எக்ஸ்பிதான் மாற்றியிருக்கும். ஒரு சாதனத்திடமிருந்து உரிய நேரத்தில் பதில் வராத பிழை ஆறு முறைக்கு மேல் சேர்ந்துவிட்டால், அந்தச் சாதனத்துக்கு டிஎம்ஏ ஒத்துவரவில்லை என்று எக்ஸ்பி முடிவுகட்டி, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் இந்த மாற்றத்தைப் பற்றி அது நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, கணினியை அணைத்துப் போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்தப் பிழைகள் வருவதற்குப் பெரிய கோளாறு எதுவும் வேண்டியதில்லை. கீறல் விழுந்த பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டு, அது படிக்காமல் ‘கர்ர் கர்ர்’ என்று சுற்றிக்கொண்டிருக்க, நாமும் விடாமல் திறக்க முயன்றிருந்தால் போதும். அந்த ஒரு மாலையிலேயே ஆறு பிழைகள் சேர்ந்துவிடக்கூடும்.

சோதித்துப் பார்க்கும் விதம் இது. ‘மை கம்ப்யூட்டர்’ மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘ஹார்டுவேர்’ பக்கத்தில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்துகொள்ளுங்கள். அங்கே ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற பிரிவை விரித்தால் ‘பிரைமரி ஐடிஇ சேனல்’, ‘செகண்டரி ஐடிஇ சேனல்’ என்று இரண்டு வரிகள் தெரியும். ரைட்டர் பெரும்பாலும் செகண்டரியில்தான் இருக்கும். அதை இருமுறை சொடுக்கி ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பக்கத்துக்குப் போனால், ‘ட்ரான்ஸ்ஃபர் மோடு’ என்றும் அதற்குக் கீழே ‘கரன்ட் ட்ரான்ஸ்ஃபர் மோடு’ என்றும் இரண்டு பெட்டிகள் இருக்கும். பலர் மேல்பெட்டியில் ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது நாம் விரும்புவது. நடப்பது என்ன என்பதைச் சொல்வது கீழ்ப்பெட்டிதான். அதில் ‘பிஐஓ மோடு’ என்று இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

மருந்தும் எளிதுதான், ஆனால் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும். அந்தச் ‘செகண்டரி ஐடிஇ சேனல்’ வரியின் மீது வலது பொத்தானை அழுத்தி ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். நீக்கியது சேனலின் பதிவை மட்டும்தான், ரைட்டருக்கோ அதன் மென்பொருளுக்கோ எதுவும் ஆகாது. விண்டோஸ் மறுபடி எழும்போது சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக்கணக்கை மறந்து, டிஎம்ஏவிலேயே தொடங்கும். இன்னொரு முறை மறுதொடக்கம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பிறகு அதே பக்கத்துக்குப் போய்க் கீழ்ப்பெட்டியில் ‘அல்ட்ரா டிஎம்ஏ’ என்று வந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் விஸ்டாவும் 7-உம் உள்ளவர்களுக்கு இதே பக்கம் ‘ஏடிஏ சேனல்’ என்ற பெயரில் இருக்கும். அங்கே ‘எனேபிள் டிஎம்ஏ’ என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் மறுபடி பிஐஓவுக்கே போய்விட்டால், பிழைகள் உண்மையிலேயே வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அப்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து கேபிளைப் பாருங்கள். ஐடிஇ கேபிள்களில் 40 கம்பிகள் உள்ள பழையவை, 80 கம்பிகள் உள்ள பிந்தையவை என்று இரு வகை உண்டு. இரண்டின் முனையிலும் 40 துளைகள்தான் என்பதால் முனையைப் பார்த்து வேறுபாடு தெரியாது; பட்டையின் மீது விரலை ஓட்டிப் பாருங்கள். வரிகள் தடித்து மேடுபள்ளமாகத் தட்டுப்பட்டால் 40, மிக நுண்ணிய கோடுகளாக ஏறக்குறைய வழவழப்பாக இருந்தால் 80. பின்னதில் ஒன்றுவிட்டு ஒரு கம்பி தரையிணைப்பாக இருந்து, பக்கத்துக் கம்பியின் சைகை கலந்துவிடாமல் தடுக்கிறது. அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 வரை 40 கம்பிக் கேபிளே ஏட்டளவில் போதும் என்றாலும், பல ஆண்டுகளாக மடங்கி நசுங்கிக் கிடக்கும் கேபிளை நம்புவதைவிட 80 கம்பிக் கேபிள் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. அதன் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு முனை மாஸ்டர் எனப்படும் முதல் சாதனத்துக்கு, நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவ் எனப்படும் இரண்டாவது சாதனத்துக்கு.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். என் ரைட்டர் இப்படித்தான் திணறியபோது, சோதிக்கச் சோம்பல்பட்டுப் புதிய ரைட்டர் ஒன்றை வாங்கி, பழைய கேபிளிலேயே மாட்டினேன். அதுவும் முதல் நாளிலிருந்தே அதே வேகத்தில் ஊர்ந்தது. சேனலின் பதிவையும் கேபிளையும் மாற்றிய பிறகு, ‘தேய்ந்துவிட்டது’ என்று ஒதுக்கிவைத்த பழைய ரைட்டரை எடுத்து மாட்டினால் அது பழைய வேகத்திலேயே எழுதியது. ஆகவே உங்கள் பழுது பார்ப்பவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். புதியதை வாங்கும் முன் கீழ்ப்பெட்டியைப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் கணினியில் டிஎம்ஏ சரியாகவே இருக்கிறது. பெரிய படக்கோப்பு ஒன்றை எழுதினால் வேகமாக முடிகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் உள்ள கோப்புறையை எழுதினால், அளவு அதே 4 ஜிகாபைட்டாக இருந்தும் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. எடை ஒன்றாக இருக்கும்போது நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

பதில்: ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிப்போவதும், களத்தில் சிந்திக் கிடக்கும் அதே நெல்லைக் கூட்டி அள்ளிப்போவதும் ஒன்றாகுமா? பெரிய கோப்பு வன்தட்டில் அனேகமாக ஒரே நீட்டாக இருக்கும். சிறு கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடி வன்தட்டின் ஊசிமுனை இடம் பெயர வேண்டும். ஒரு பெயர்ச்சிக்குச் சுமார் 10 மில்லிநொடி என்றாலும், ஒரு கோப்புக்கு அதன் பதிவைப் படிக்க ஒன்று, உள்ளடக்கத்தைப் படிக்க ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் பத்தாயிரம் கோப்புகளுக்கு நிமிடக்கணக்கில் வந்துவிடும். இதற்கிடையில் ஆன்டிவைரஸ் மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் வாசலில் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் அனுப்புகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ரைட்டருக்குள் பஃபர் என்று சொல்லப்படும் சிறு நினைவகம் உண்டு. பல ரைட்டர்களில் அது 2 மெகாபைட். வன்தட்டு ஒரு கணம் தாமதித்தாலும் இந்தக் கையிருப்பை வைத்து ரைட்டர் எழுதிக்கொண்டிருக்கும். ஆனால் 16 எக்ஸ் வேகத்தில் நொடிக்கு 22 மெகாபைட் கரைவதால், இந்தக் கையிருப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூட வராது. முற்காலத்து ரைட்டர்களில் பஃபர் காலியானால் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான் போகும். 2000-ஆம் ஆண்டுவாக்கில் சான்யோ நிறுவனத்தின் ‘பர்ன்-ப்ரூஃப்’ போன்ற தடுப்பு முறைகள் வந்த பிறகு, பஃபர் காலியாகும்போது லேசர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நின்று, தகவல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. டிஸ்க் தப்பிவிடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை நின்று, இடம் பார்த்து, மறுபடி தொடங்குவதற்கும் ஆகும் நேரம் எல்லாம் சேர்ந்து மொத்த நேரத்தை நீட்டிவிடுகிறது. இதனால்தான் தகவல் போதாத கணினியில் 16 எக்ஸ் தேர்ந்தெடுத்து எழுதுவதைவிட 8 எக்ஸ் தேர்ந்தெடுத்து நிற்காமல் எழுதுவது சில சமயம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

‘இம்ஜ்பர்ன்’ போன்ற மென்பொருள்களில் எழுதும்போது திரையின் அடியில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று மென்பொருளின் பஃபர், மற்றது ரைட்டரின் பஃபர். இந்த இரண்டையும் இரண்டு நிமிடம் கண்கொட்டாமல் பார்த்தால் வைத்தியருக்கு நாடி கிடைத்த மாதிரி. இரண்டும் நிறைந்தே நின்று, அப்படியும் வேகம் குறைவாக இருந்தால் தடை ரைட்டரிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. மென்பொருளின் பஃபர் அடிக்கடி வற்றினால் தடை வன்தட்டுப் பக்கம். மென்பொருளின் பஃபர் நிறைந்திருக்க, ரைட்டரின் பஃபர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், முதல் கேள்வியில் சொன்ன கேபிளையும் டிஎம்ஏவையும் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் பட்டைதான் வற்றும் என்று நினைக்கிறேன். புகைப்படங்களை நேரடியாக எழுதாமல், முதலில் வன்தட்டிலேயே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கில் போக வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாக அடக்கிய கோப்பு) தொகுத்துக்கொண்டு, பிறகு அந்த ஒற்றைக் கோப்பை எழுதுங்கள். தொகுக்கவும் நேரம் ஆகும்தான். மொத்த நேரம் குறையாமலேயே போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் லேசர் நின்று நின்று எழுதாது, ஒரே தொகுப்பை நான்கு பிரதிகள் எடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவது பிரதியிலிருந்து எல்லாமே லாபம். வன்தட்டும் ரைட்டரும் ஒரே ஐடிஇ கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று மாட்டப்பட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். வன்தட்டு பேசும்வரை ரைட்டர் வாய்மூடிக் காத்திருக்கும்.

கேள்வி: அட்டையில் 16 எக்ஸ் என்று போட்டிருக்கும் டிவிடி வாங்கினேன். ரைட்டரும் 16 எக்ஸ்தான். ஆனால் மென்பொருள் 4 எக்ஸுக்கு மேல் தேர்ந்தெடுக்கவே விடுவதில்லை. டிஸ்க் போலியா?

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. எழுதக்கூடிய ஒவ்வொரு டிவிடியிலும், அதைத் தயாரித்தவர் யார், எந்த வகை என்று சொல்லும் ஒரு குறியீடு தயாரிப்பின்போதே பதிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் ரைட்டர் முதலில் அதைத்தான் படிக்கிறது. லேசரை எவ்வளவு சக்தியில், எவ்வளவு நேரம் துடிக்கவைத்தால் டிஸ்க்கில் பூசியிருக்கும் சாயத்தில் சரியான புள்ளி விழும் என்பது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். அந்த விவரங்கள் ரைட்டரின் ஃபர்ம்வேரில் (ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு பட்டியலாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. குறியீடு பட்டியலில் இருந்தால் அதற்குரிய வேகம் கிடைக்கும். இல்லாவிட்டால், அறிமுகமில்லாத ஆளிடம் எட்டி நின்று பேசுவதைப்போல ரைட்டர் பொதுவான, மெதுவான ஒரு முறையைக் கையாளும். பட்டியல் தயாரான காலத்துக்குப் பிறகு வந்த டிஸ்க் என்றால் பழைய ரைட்டருக்கு அது அந்நியன்தான்.

மேலட்டையில் உள்ள வணிகப் பெயரை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே பெயரில் விற்கும் டிஸ்க்குகள் வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்து வரக்கூடும் என்பதால், போன முறை வாங்கியது 16 எக்ஸில் எழுதியது, இம்முறை வாங்கியது எழுதவில்லை என்பதும் நடக்கக்கூடியதே. நான் மேலே சொன்ன ‘இம்ஜ்பர்ன்’ மென்பொருள், டிஸ்க்கின் குறியீட்டையும் அதற்கு ரைட்டர் அனுமதிக்கும் வேகங்களையும் திரையின் வலப்பக்கத்தில் காட்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டை மட்டும் வாங்கிப் பார்த்து, ஒத்துப்போகும் குறியீட்டைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ரைட்டரின் மாதிரி எண்ணுக்குரிய புதிய ஃபர்ம்வேர் கிடைத்தால் பட்டியல் நீளும். ஆனால் ஃபர்ம்வேர் ஏற்றும்போது மின்சாரம் போய்விட்டால் ரைட்டர் எழாமலேயே போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். மாதிரி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஃபர்ம்வேர் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: நீங்கள் வாங்கியது மறுபடி மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகையாக இருந்தால் 4 எக்ஸ் என்பது இயல்பான வேகமே. அந்த வகையில் 6 எக்ஸ், 8 எக்ஸ் வரை டிஸ்க்குகள் உண்டு. 16 எக்ஸை எதிர்பார்ப்பதற்கில்லை. அட்டையிலுள்ள சிறிய எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேள்வி: 16 எக்ஸ் தேர்ந்தெடுத்தாலும் எழுதத் தொடங்கும்போது 6 எக்ஸ்தான் காட்டுகிறது, போகப் போகத்தான் ஏறுகிறது. கோளாறா?

பதில்: இல்லை. டிவிடி உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி எழுதப்படுகிறது. 16 எக்ஸ் ரைட்டர் டிஸ்க்கை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகிறது. ராட்டினத்தில் நடுவில் நிற்பவரைவிட விளிம்பில் இருப்பவர் வேகமாகச் செல்வதைப்போல, விளிம்பில் லேசரின் கீழே அதிகத் தடம் ஓடுகிறது. எழுதும் பகுதி மையத்திலிருந்து சுமார் 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. 58-ஐ 24-ஆல் வகுத்தால் 2.4. ஆகவே விளிம்பில் 16 எக்ஸ் என்றால் தொடக்கத்தில் ஆறரை எக்ஸ்தான் வரும். பாதி டிஸ்க் மட்டும் எழுதுபவர்களுக்கு 16 எக்ஸ் கண்ணிலேயே படாது. ஏறிக்கொண்டே வந்த வேகம் நடுவில் திடீரென்று சரிந்து, மறுபடி ஏறி, மறுபடி சரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது இரண்டாவது கேள்விக்கான பதிலில் சொன்ன பஃபர் வறட்சியாகவோ, டிஸ்க்கின் தரம் கண்டு ரைட்டர் தானே பின்வாங்குவதாகவோ இருக்கும்.

கேள்வி: குறுவட்டை 48 எக்ஸில் எழுதும் என் ரைட்டர் டிவிடியை 16 எக்ஸில்தான் எழுதுகிறது. டிவிடி எழுதுவதில் மட்டும் அது மந்தமா?

பதில்: நேர்மாறு. குறுவட்டில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட்; 48 எக்ஸ் என்றால் 7.2 மெகாபைட். டிவிடியில் 16 எக்ஸ் என்பது 22 மெகாபைட், அதாவது மூன்று மடங்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் வேறு. ப்ளூ-ரேயில் 1 எக்ஸ் என்பதே நொடிக்கு 4.5 மெகாபைட்.

கேள்வி: கணினியின் உள்ளே இருந்த ரைட்டர் கெட்டுவிட்டதால் யுஎஸ்பியில் இணைக்கும் வெளி ரைட்டர் வாங்கினேன். என் மகனுடைய புதிய மடிக்கணினியில் ஏழெட்டு நிமிடத்தில் எழுதும் அதே ரைட்டர், என் பழைய கணினியில் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஏன்?

பதில்: ரைட்டர் நன்றாக இருக்கிறது என்பதை உங்கள் மகனின் மடிக்கணினியே சாட்சி சொல்லிவிட்டது. உங்கள் கணினியின் யுஎஸ்பி 1.1 வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட் அளவுக்குத்தான் தகவல் போகும். டிவிடியின் 1 எக்ஸுக்கே 1.385 மெகாபைட் வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? குறைந்தபட்ச வேகத்துக்கே பற்றாக்குறை. நொடிக்கு ஒரு மெகாபைட் என்று 4,700 மெகாபைட்டைக் கடத்தினால் உங்களுடைய அந்த ஒன்றேகால் மணி நேரம் அப்படியே வந்துவிடுகிறது. யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 480 மெகாபிட், இதற்குத் தாராளம்.

டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி பிரிவை விரித்துப் பாருங்கள். ‘என்ஹான்ஸ்டு’ என்ற சொல் உள்ள கன்ட்ரோலர் ஒன்று அங்கே இருந்தால் உங்கள் கணினியில் யுஎஸ்பி 2.0 இருக்கிறது, அப்படியானால் ரைட்டரை இடையிலுள்ள பழைய ஹப்பிலிருந்து (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) கழற்றி, கணினியின் பின்புறத் துளையிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தையது இல்லாவிட்டால் யுஎஸ்பி 2.0 வேலை செய்யாது. அந்தக் கன்ட்ரோலரே இல்லையென்றால், மதர்போர்டின் பிசிஐ துளை ஒன்றில் யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்றைச் செருகிவிட்டால் போதும்.

கனமற்ற மெல்லிய வெளி ரைட்டர்கள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் யுஎஸ்பி வழியாகவே இழுத்துக்கொள்பவை. ஒரு யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். லேசர் முழுச் சக்தியில் எழுதும்போது இது போதாமல் ரைட்டர் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. சில ரைட்டர்களுடன் இரண்டு யுஎஸ்பி முனைகள் உள்ள கேபிள் வருவது இதற்காகத்தான். அழகு கெடும் என்று ஒரு முனையைத் தொங்கவிடாமல் இரண்டையும் மாட்டுங்கள்.

கேள்வி: எழுதுவது 100 சதவீதம் என்று காட்டிய பிறகும் பல நிமிடங்கள் தட்டு வெளியே வருவதில்லை. வேகத்தைக் குறைத்து எழுதினால் தரம் கூடும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பதில்: தகவல் முழுவதும் போனபின் ரைட்டர் தன்னுள் மிச்சமிருக்கும் பஃபரைக் காலி செய்து, டிஸ்க்கின் தொடக்க, முடிவுப் பகுதிகளை எழுதி மூடுகிறது. இது ஒன்றிரண்டு நிமிடங்கள் எடுக்கும். ‘வெரிஃபை’ தேர்ந்தெடுத்திருந்தால், எழுதிய அனைத்தையும் மறுபடி படித்து வன்தட்டோடு ஒப்பிடும். நேரம் இரட்டிப்பாவதற்கு அதுவே காரணம். முக்கியமான கோப்புகளை எழுதும்போது நான் இதை ஒருபோதும் விடுவதில்லை. இடையில் பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். மூடப்படாத டிஸ்க்கை வேறு கருவிகள் படிக்க மறுக்கும்.

விண்டோஸ் 7-இல் வெற்று டிஸ்க்கைப் போட்டதும், அதை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, இல்லை சிடி, டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கை வடிவமைக்க நேரம் எடுத்துக்கொள்வதோடு, கோப்புகளை ஒவ்வொன்றாக எழுதுவதால் எல்லாமே மெதுவாக நடக்கும். ஒரே மூச்சில் எழுதி எடுத்துவைப்பதற்கு இரண்டாவதே ஏற்றது.

வேகமும் தரமும் பற்றி: டிஸ்க் எந்த வேகத்துக்கு உருவாக்கப்பட்டதோ அந்த வேகத்துக்கு ஒத்த சாயம் அதில் பூசப்பட்டிருக்கும். 16 எக்ஸ் டிஸ்க்கை 1 எக்ஸில் எழுதினால் தரம் கூடிவிடும் என்பதற்கில்லை, குறையவும் கூடும். 16 எக்ஸின் உச்சத்தில் டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால், சற்றே கோணலான டிஸ்க்கின் விளிம்பில் பிழைகள் கூடுவதும் உண்மை. ஆகவே 16 எக்ஸ் டிஸ்க்கை நான் 8 எக்ஸிலேயே எழுதுகிறேன். முழு டிவிடிக்கு இதனால் கூடுதலாகும் நேரம் இரண்டு மூன்று நிமிடங்கள்தான்.